சன்னல் கம்பியில் வைத்த பத்திரிகை

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்குள் என் மகளின் கல்யாணப் பத்திரிகையை அக்காவின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று, மே மாதக் கடைசியில் ஒரு காலை ஆறரை மணிக்கு சைக்கிளை வாசலில் இறக்கினேன். அக்கா இருப்பதும் இதே மைசூரில்தான். நாங்கள் ஹெப்பாள் பக்கம், வடக்கு முனை. அவள் வித்யாரண்யபுரம், தெற்கு முனை. நடுவில் இருக்கும் ஊரை ஒன்பது வருடத்தில் இரண்டே தடவைதான் அவளுக்காகக் கடந்திருந்தேன். இரண்டும் இந்த வருடம் மாசி மாதத்தில்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலைப் பேருந்துக்காக டிபன் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேரியரில் நான் கட்டியிருந்த துணிப்பையைப் பார்த்தார்.

"குங்குமச் சிமிழும் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"வேண்டாம்னு நேத்தே சொன்னேன். அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"எங்க அக்கா மனசு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச லட்சணத்தைத்தான் ஒம்பது வருஷமா பாக்கறமே" என்று சொல்லிவிட்டு, பேருந்து வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயந்திரம் ஸ்கூட்டரில் இரண்டு பேருமாகப் போகலாம் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். முறையும் அதுதான். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், வீட்டுப் பெண்ணுக்குக் குங்குமம் கொடுத்து, இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டி, 'அவசியம் வரணும்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆனால் அவரோடு போனால் அக்கா, மாப்பிள்ளை வந்த மரியாதைக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, சமையலறைக்குள் போய்க் காபி போடுவாள். அந்தக் காபி தீரும் வரை வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு நாங்கள் எழுந்து வந்துவிடுவோம். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. முதலில் நான் தனியாகப் போய் அவளிடம் என் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். 'நீ கல்யாணத்துக்கு வரணும்' என்று கேட்க வேண்டும். அவள் வருகிறேன் என்று சொல்ல வேண்டும்.

சைக்கிள் எதற்கு என்றால், சர்க்கரைக்காக இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். பழகிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அப்பா கொள்ளேகாலிலிருந்து பட்டு வேலைக்காக மைசூருக்கு வந்தவர். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கித் தந்தார். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் மிதிப்பாள், நான் கேரியரில் உட்கார்ந்துகொண்டு, 'லெப்ட்ல போ, பஸ் வருது, மெதுவா, வேகமா' என்று அதிகாரம் பண்ணுவேன். அவளுக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் ஒரு நாளும் இறங்கி நட என்று சொன்னதில்லை. அவள் கல்யாணமாகிப் போனபோது சைக்கிளை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். முதல் நாள் தனியாக அதை ஓட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனபோது முன்னால் அவள் இல்லாமல் தடுமாறி விழுந்தேன்.

கோகுலத்துக்குள் நுழையும்போது வெயில் இன்னும் ஏறவில்லை. முந்தின நாள் சாயந்திரம் இடி மழை பெய்திருந்தது. சாலையோரம் முழுக்க மே மாதப் பூ மரங்கள் உதிர்த்த சிவப்பு ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. யோகா படிக்க வந்த வெள்ளைக்காரர்கள் இளநீர்க் கடையில் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தள்ளுவண்டியில் பலாப்பழத்தைப் பிளந்து வைத்திருந்தார்கள். அந்த வாசனை அடுத்த திருப்பம் வரை கூடவே வந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் எதையும் நன்றாக இருக்கிறது என்று பார்க்கும் நிலைமை இல்லை. வாய்க்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே மிதித்தேன். 'அக்கா, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு.' இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தோம். எண்பது பத்திரிகை, கையில் இரண்டே ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரருடைய நண்பர் ஒருவர் தன் காரில் எங்களை வீடு வீடாக ஏற்றி இறக்கினார். பட்டியலில் அக்கா வீட்டைக் கடைசியாக நான்தான் போட்டேன். ஊராருக்கெல்லாம் முதலில் கொடுத்து முடித்துவிட்டால், நம்மவள் வீட்டில் ஆற அமர உட்கார்ந்து, சாப்பாடும் முடித்துக்கொண்டு வரலாம் என்ற நினைப்பு. போனால் கதவு பூட்டியிருந்தது. போன் அடித்தேன். பூட்டிய வீட்டுக்குள் மணி அடிப்பது வெளியே கேட்டது. நண்பர் காருக்குள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர், 'ராத்திரி போன்ல சொல்லிக்கலாம், உங்க அக்காதானே' என்றார். நானும் அதையேதான் நினைத்தேன், அக்காதானே என்று. வாசல் கதவுக்குப் பக்கத்துச் சன்னலின் கம்பியில் பத்திரிகையைச் சொருகிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டேன்.

ராத்திரி போன் பண்ணினேன். 'பாத்தேன்' என்றாள். 'முதல் நாளே வந்துடு' என்றேன். 'சரி' என்றாள். விசேஷத்துக்கு அவள் வரவில்லை. நான் மாமா என்று கூப்பிடும் அவள் வீட்டுக்காரர் மட்டும் வந்து, 'உங்க அக்காவுக்கு உடம்பு சொகமில்ல' என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். இது என் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"கரண்ட் பில்காரனும் அங்கதான்டி சொருகிட்டுப் போவான்" என்றாள்.

"கூடப் பொறந்தவளுக்கு வெத்தலை பாக்கு வெச்சா கூப்பிடணும்?" என்று கத்தினேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். அத்தோடு பேச்சு நின்றது. மூன்று வருடம் கழித்து அவள் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை எங்கள் வீட்டுக்குக் கூரியரில் வந்தது. ஒரே ஊருக்குள் கூரியர்! கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வீம்புக்கு நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். இப்படியாக எங்கள் இரண்டு வீட்டு ஆண்களும் இரண்டு வீட்டு விசேஷத்திலும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் கையில் வளர்ந்த பையன் மணவறையில் உட்கார்ந்திருப்பதை அடுத்த வீட்டுக்காரியின் போனில் பார்த்தேன். அக்கா மாம்பழ நிறப் பட்டில் நின்றிருந்தாள், வகிட்டில் பெரிதாகக் குங்குமம்.

ஒண்டிகொப்பல் தாண்டி, ரயில் நிலையத்துச் சுவர் ஓரமாகப் போகும்போது சங்கிலி கழன்றுவிட்டது. இறங்கி, ஒரு குச்சியால் நெம்பி மாட்டினேன். கையெல்லாம் கறுப்பு மசி. பையில் குங்குமம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, இந்தக் கையோடு தொட முடியாது. வேப்பிலை பறித்துத் துடைத்தேன், போகவில்லை. எதிரில் ஒரு டீக்கடைக்காரர் பார்த்துவிட்டுச் சோப்பும் தண்ணீரும் கொடுத்தார். 'ஏனக்கா, இஷ்டு பெளிகெ?' என்றார், இவ்வளவு காலையிலா என்று. அக்கா வீட்டுக்கு என்று கன்னடத்தில் சொன்னேன். தாய்வீட்டுக்குப் போகிறவளைப் பார்ப்பதுபோல் சிரித்தார். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அதுதானே தாய்வீடு என்று அந்தக் கடை முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

மாமா மாசியில் இறந்தார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்பார்கள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பதும் சும்மா சொன்ன சொல் இல்லை. செய்தி காதில் விழுந்த நிமிடம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவளும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் அந்த அழுகையில் இருக்கிற எல்லாரையும்தான் கட்டிக்கொள்வார்கள். நான் யார் என்று பார்த்துத்தான் கட்டிக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. பதினாறாம் நாளும் போனேன். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அதனால் இரண்டு தடவையும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் வெளியே வந்தேன்.

மகளுக்கு ஆனியில் முகூர்த்தம் குறித்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன். கன்னடப் பத்திரிகை முந்நூறு இங்கேயே அடித்தோம். தமிழ்ப் பத்திரிகை ஐம்பது மட்டும் கொள்ளேகாலில் அச்சடித்து வந்தது. அதில் முதல் பத்திரிகை அக்காவுக்கு. இந்தத் தடவை குங்குமத்தோடு, நேரில், கையில். தாலி அறுத்த வீட்டுக்குக் குங்குமத்தைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார், என் நாத்தனார் சொன்னாள். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், ஒருத்தியாவது உடைக்க வேண்டாமா என்று மேடைப் பேச்சுப் பேசினேன். உள்ளுக்குள் இருந்தது அது இல்லை. அன்று கொடுக்காமல் விட்ட குங்குமத்தை எப்படியாவது அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் கடித்துக் குதறியிருப்பேன்.

மார்க்கெட் வாசலில் பூக்காரிகள் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அக்கா வீட்டுக்குப் போனால் இந்த இடத்தில் இறங்கிப் பூ வாங்குவது என் பழக்கம். கால் தானாக ஊன்றியது. பூக்காரி மல்லிகைச் சரத்தை எடுத்து, 'எஷ்டு மாரு?' என்றாள், எத்தனை மாரு என்று. இங்கே பூவை முழத்தில் அளக்க மாட்டார்கள், இரண்டு கையையும் விரித்து மாரில் அளப்பார்கள். ஒரு மாரு என்றேன். அவள் அளந்து, இலையில் சுருட்டி, நூல் கட்டி என் கையில் வைத்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. யாருக்குப் பூ? திருப்பிக் கொடுக்கவும் வாய் வரவில்லை. பையில் குங்குமச் சிமிழுக்கு மேல் அதையும் வைத்துக் கட்டினேன். அங்கிருந்து அக்ரஹாரம் வரை ஒரே கூட்டம், ஆட்டோ, பால் வண்டி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். வேகமாகப் போக மனம் வரவில்லை.

அக்காவின் வீடு தெரு முனையிலிருந்து மூன்றாவது. கேட்டைத் திறந்ததும் என் கண் முதலில் சன்னலுக்குத்தான் போனது. அதே பச்சைப் பெயின்ட் அடித்த கம்பி. அதில் அந்த மாதத்துக் கரண்ட் பில் சொருகியிருந்தது, யாரும் எடுக்காமல்.

அக்கா கதவைத் திறந்தாள். சாம்பல் நிற நூல் புடவை, நெற்றியில் திருநீறு மட்டும். காதில் தோடு இருந்தது, கையில் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு சைக்கிளைப் பார்த்தாள்.

"சைக்கிள்லயா வந்த? அவ்வளவு தூரம்?"

"ஆமாக்கா."

"மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு. உள்ள வா."

அவ்வளவுதான். ஒன்பது வருடத்துப் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள். மாமாவின் நாற்காலியில் அவருடைய துண்டு மடித்து வைத்திருந்தது. மகன் பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறான் என்றாள். வருஷம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறாளாம். ராத்திரிகளில் தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். மாத்திரை போட்டால் வருகிறது என்றாள். அடுப்பில் காபிக்குப் பால் வைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு."

அவள் பாலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கும்தான் அத்தனை வீம்பு ஆகாது" என்றாள். "உங்க மாமா எத்தனை தடவை சொன்னார், போய்ப் பேசிட்டு வரலாம் வான்னு. அவரு போற வரைக்கும் போகல பாரு."

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்க இரண்டு பேரும் கையை நீட்டினோம். அப்போது நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "பள்ளிக்கூடத்துல பசங்களை மெரட்டறவ, பாரு" என்றாள்.

காபி குடித்த பிறகு கூடத்தில் பையைப் பிரித்தேன். தட்டை எடுத்து வைத்தேன். பத்திரிகை, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். சிமிழை எடுக்கும் முன்பே இலைச்சுருளைப் பார்த்துவிட்டாள்.

"இது யாருக்கு?"

எனக்குப் பொய் வரவில்லை. "உனக்குத்தான் வாங்கினேன். கை பழக்கம்."

அவள் சிறிது நேரம் அந்தச் சுருளையே பார்த்தாள். பிறகு, சண்டைக்காரக் குரலில் இல்லை, பழைய கதை சொல்வது போலச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் எங்க போயிருந்தேன்னு நீ கேக்கவே இல்லையே."

"எங்க?"

"நீ பத்திரிகை குடுக்கக் கெளம்பிட்டேன்னு உங்க வீட்டுக்காரர், வெளிய போயிருந்த மாமாகிட்ட போன்ல சொல்லியிருந்தார். பொறந்தவ வரா, வெறுங்கையோட அனுப்பறதா? பிளவுஸ் பிட்டு எடுத்து வெச்சிருந்தேன். பூ மட்டும் இல்ல. முக்குக் கடைக்கு ஓடினேன், போனைக்கூட எடுக்காம. அங்க பூவு தீந்துபோச்சு, அடுத்த தெருவுக்குப் போனேன். கைல பூவோட திரும்பி வரேன், உங்க காரு திரும்பறது தெரியுது. கைய ஆட்டினேன். நீங்க பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு அஞ்சு நிமிஷம் நின்னிருக்கலாம்டி" என்றாள்.

அந்தப் பூவை என்ன செய்தாய் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. சிமிழைத் திறந்து, தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"அவசியம் வரணும்க்கா. முன்னாடி நாளே வரணும்."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அறுபதை நெருங்குகிற என் அக்கா, பரீட்சைத் தாளைக் கொடுக்க மறுக்கும் பிள்ளையைப் போல.

"பேட கண்ணு, வேண்டாம். இது வேண்டாம்."

"இந்தக் காலத்துல யாருக்கா இதெல்லாம் பாக்கறா?"

"நான் பாக்கறேன்டி."

"எனக்கு ஒண்ணும் இல்ல. என் பொண்ணுக்கும் ஒண்ணும் இல்ல. அவளே சொன்னா, பெரியம்மா கையால அட்சதை போட்டாத்தான்னு."

"அவ சின்னவ, சொல்லுவா. கேளு. மூணு மாசம்கூட ஆகல. நான் இத கைநீட்டி வாங்கறேன்னு வெச்சுக்கோ. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, நான் தொட்டதாலதான்னு எனக்குத் தோணும். ஊரு சொல்றது கெடக்கட்டும். எனக்குத் தோணும். நீ அதை என் தலைல கட்டிட்டுப் போகாத."

மேடைப் பேச்செல்லாம் எங்கே போனதோ. உடைக்கிறேன் உடைக்கிறேன் என்று வந்தவள், உடைந்தால் அது அவள் மேல்தான் விழும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கேரியரில் உட்கார்ந்து வழி சொல்கிற புத்தி ஐம்பத்திரண்டு வயதிலும் எனக்குப் போகவில்லை.

"பத்திரிகையாவது பாரு" என்றேன்.

"நீ புடி, நான் பாக்கறேன்."

கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள். நான் பத்திரிகையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவள் தொடாமல் படித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் தலையை அசைப்பாள், நான் திருப்புவேன். தங்கள் வருகையை விரும்பும் என்ற வரிக்குக் கீழே பெரியம்மா என்று போட்டு முதலில் அவள் பெயர் இருந்தது. அந்த இடத்தில் நெடுநேரம் நின்றாள்.

"எம்பேரப் போட்டிருக்க."

"முதல் பேரே உன்னுதுதான்."

"உங்க நாத்தனார் சும்னே விட்டாளா?"

"சண்டை போட்டுத்தான் போட்டேன்."

"போட்டிருப்ப, போட்டிருப்ப" என்று லேசாகச் சிரித்தாள். ஒன்பது வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

கிளம்பும் நேரம் வந்தது. முன்பெல்லாம் அவள் வீட்டிலிருந்து குங்குமம் வைக்காமல் என்னை வெளியே அனுப்பியதே இல்லை. மைசூரில் எந்த வீட்டிலும் அப்படித்தான், சண்டை போட்டுக்கொண்டு போகிறவளுக்கும் அரிசின குங்குமம், அதாவது மஞ்சள் குங்குமம், கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பூஜை அலமாரியைக் கண்ணால் காட்டி, "நீயே எடுத்து வெச்சுக்கோ" என்றாள். என் சிமிழிலிருந்தே எடுத்து வைத்துக்கொண்டேன். "பூவும் வெச்சுக்கோ, வாடிடும்." வைத்துக்கொண்டேன். சரியாகச் செருகியிருக்கிறதா என்று எட்டி நின்று பார்த்து, "இன்னும் கொஞ்சம் மேல" என்றாள்.

பத்திரிகையை மறுபடி பைக்குள் வைக்கப் போனேன். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதை நினைத்தால் கால் நகரவில்லை. அக்கா வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். சன்னலைப் பார்த்தாள்.

"ஒண்ணு செய்யி. நான் கதவச் சாத்திக்கறேன். நான் வீட்ல இல்லேன்னு நெனச்சுக்கோ. கம்பில சொருகிட்டுப் போ."

"அக்கா..."

"கைல வாங்கினாத்தான தோஷம்? ஆள் இல்லாதப்ப யாரோ வெச்சுட்டுப் போனா அதுக்கு நான் என்ன செய்ய?" கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு வெச்சேல்ல. அதே மாதிரி வெய்யி."

வெளியே வந்தேன். கதவு சாத்தும் சத்தமும் தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது. கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில் பத்திரிகையைச் சொருகினேன். மஞ்சள் தடவிய மூலை வெளியே தெரிந்தது.

"வெச்சுட்டியா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"வெச்சுட்டேன்."

"சரி. வண்டி வாசி பாத்துப் போ."

"போயிட்டு வரேன்க்கா" என்றேன், மூடிய கதவிடம், சத்தமாக.

கல்யாணம் ஆனியில் நல்லபடியாக நடந்தது. அக்கா வரவில்லை. வரமாட்டாள் என்று அந்தக் கம்பியில் பத்திரிகையை வைக்கும்போதே எனக்குத் தெரியும். முகூர்த்த நேரத்தில் என் மகள் மணவறையிலிருந்து வாசலை இரண்டு தடவை பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

பத்திரிகை வைத்த அன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்காவின் தெரு முனைக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்தேன், ஆனால் மிதிக்கவில்லை. ஒரு காலைக் கல்லில் ஊன்றிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். வெயில் நன்றாக ஏறிவிட்டது. பால் பாத்திரத்தோடு போன ஒருத்தி என் தலைப் பூவையும் அழுத முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சன்னல் கதவு உள்பக்கமாகத் திறந்தது. வளையல் இல்லாத கை ஒன்று வந்து, முதலில் கரண்ட் பில்லை எடுத்து உள்ளே போட்டது. மறுபடி வந்து பத்திரிகையின் மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. ஐந்து நிமிடம் முடிந்தபோது கம்பியில் ஒன்றும் இல்லை.